பத்தில் பத்துப் போனால்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இடையிடையே படிப்பும் நடக்கும். தேர்தல் வந்தால் வோட்டுப் போடுவது அங்கேதான். அம்மைப்பால் குத்த வருகிறவர்கள் பெட்டியைத் திறப்பதும் அங்கேதான். அரிசிக் கூப்பன் பதிவது, வேலித் தகராறு பேசித் தீர்ப்பது, கூத்துக்கு ஆள் பிடித்து ஆட்டம் பழக்குவது எல்லாமே அந்த ஒரு கூரைக்குக் கீழேதான். கலியாணமோ சாவோ நடந்தால் நாங்கள் இருந்து படிக்கும் வாங்குகள் வரிசையாகத் தோளேறி அந்த வீட்டுக்குப் போய்விடும். அவை திரும்பி வரும்வரை மணலில் குந்தியிருந்து படிப்போம். பாவாடையில் மணல் ஒட்டியிருந்தால் ஊரில் எங்கோ விசேஷம் என்று அம்மா கண்டுகொள்வாள்.

மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றே சொல்வோம். ஆற்றுக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கம், படுவான்கரை. அங்கே வயல்களுக்கு நடுவே ஒரு மேட்டில் எங்கள் ஊர் இருந்தது. அந்த மேட்டிலும் உயர்ந்த இடம் பள்ளிக்கூடத்து வளவு. ஊரார் தாங்களே மண் குழைத்து அரைச்சுவர் வைத்து, கிடுகு வேய்ந்து கட்டியதைப் பிறகு அரசாங்கம் பொறுப்பெடுத்தது. பெயர்ப்பலகை மட்டுமே அரசாங்கத்துச் சொத்து, மற்றதெல்லாம் தங்களுடையது என்பது ஊராரின் எண்ணம். அரைச்சுவர் என்பதால் உள்ளே சொல்லிக் கொடுப்பது வெளியே போகிறவர்களுக்கும் கேட்கும். வெளியே நடப்பது எங்களுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும்.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். ஆறாம் வகுப்புக்குத் தோணியேறி அக்கரைக்கு, எழுவான்கரைக்குப் போக வேண்டும். பையன்கள் சிலர் போனார்கள். பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. அக்கா அப்போது ஐந்தாம் வகுப்பு, நான் இரண்டாம் வகுப்பு. அக்கா கணக்கில் புலி. ஒரு கணக்குப் பிழைத்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. ஆறாம் வகுப்புக்கு விடுவீர்களா என்று அவள் அப்பாவைக் கேட்டபோது, அவர் வெற்றிலையை மென்றபடி, "தோணில அனுப்ப ஏலாது. இஞ்ச ஆறாம் வகுப்பு வந்தாப் பாப்பம்" என்றார். கேட்கிறவரின் வாயை அடைக்கச் சொல்லும் பேச்சு அது. அக்கா அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டாள்.

பெரிய வாத்தியாருக்கும் ஆறாம் வகுப்பில் ஒரு கண் இருந்தது. அவர் தன்னாமுனைக்காரர், வேதக்காரர். சனிக்கிழமை சைக்கிளோடு தோணியேறி ஊருக்குப் போய், ஞாயிறு பூசை பார்த்து, திங்கள் விடியப் புறப்பட்டு வந்துவிடுவார். ஆறாம் வகுப்புக் கேட்டு மேலிடத்துக்கு நடையாய் நடந்திருந்தார். கடைசியில், ஓர் அதிகாரி நேரில் வந்து பிள்ளைகளின் தரத்தைப் பார்ப்பார், அவர் திருப்திப்பட்டால் வகுப்புக் கிடைக்கும் என்று பதில் வந்தது. என்றைக்கு வருவார் என்று மட்டும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சைக்கிள் மணி கேட்டால் வாத்தியார் சால்வையைச் சரிசெய்துகொள்வார்.

இதற்குள் மழை வந்து புகுந்தது. மாசி மாதம், வேளாண்மை அறுத்துக் கதிரை உப்பட்டியாகக் கட்டிக் கொண்டிருந்த நேரம். போய்விட்டதென்று நினைத்த மழை எதையோ மறந்துவிட்டுப் போனது போலத் திரும்பி வந்தது. வட்டை, அந்த வயல்வெளி, முழுக்க வெள்ளம். வயலுக்குள் இருந்த களவெட்டிகள், கதிரை எருமை விட்டுச் சூடு மிதிக்கும் களங்கள், சேறாகிவிட்டன. அறுத்த கதிரை இனி எங்கே மிதிப்பது என்று பார்த்தபோது காய்ந்த நிலம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பள்ளிக்கூடத்து விளையாட்டு முற்றம்.

ஊரார் வாத்தியாரிடம் அனுமதி கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. வண்டிகளில் கதிர் வந்து இறங்கிய பிறகு, "வாத்தியார், கொஞ்ச நாளைக்கு" என்றார்கள். முற்றத்தைச் செதுக்கிச் சாணம் மெழுகினார்கள். அப்பா நடுவில் ஒரு குழி தோண்டி, வேப்பிலையும் இரும்புத் துண்டும் இன்னும் எனக்குக் காட்டாத சிலவும் வைத்து மூடினார். அதை மூடும்போது அவர் உதடு முணுமுணுத்தது. நான் கிட்டப் போனபோது கையைக் காட்டி எட்ட நிற்கச் சொன்னார். அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் விளையாட்டு முற்றம் களவெட்டியாகிவிட்டது.

களவெட்டிக்கென்று ஒரு பாஷை உண்டு. அங்கே நெல்லை நெல் என்று சொல்வதில்லை, பொலி என்பார்கள். எருமை வாரிக்காலன். பெரிய கூடை பெருவாயன். அளக்கிற மரைக்கால் கணக்கன். செருப்போடு உள்ளே போகக்கூடாது, குடை விரிக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இல்லை, முடிந்தது, குறைந்தது, போனது என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது. பூதம் களவெட்டியைச் சுற்றியே நிற்கும். இல்லை என்று யாராவது சொன்னால், அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு பொலியை அள்ளிக்கொண்டு போய் இல்லாமல் ஆக்கிவிடும். அதனால் தண்ணீர்க் குடம் வெறுமையானாலும் "குடம் நிறைஞ்சிட்டு, கொண்டு போங்க" என்பார்கள்.

எனக்கு இதெல்லாம் பெரிய அதிசயமாக இருந்தது. பூதத்துக்கு எருமை என்றால் விளங்கும், வாரிக்காலன் என்றால் விளங்காதா? இத்தனை வருஷத்தில் அது படித்துக்கொள்ளவில்லையா? அம்மாவிடம் கேட்டேன். "பூதம் பள்ளிக்கூடம் போகல்ல கா" என்றாள் அம்மா. இப்போது பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டதே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சூடு மிதிக்கத் தொடங்கிய அன்று காலையே வில்லங்கமும் தொடங்கியது. எங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், களவெட்டி ஒழுங்குகளில் ஊருக்கே சட்டத்தரணி. அவர் எருமைகளை வளைத்து ஓட்டி "பொலி, பொலி" என்று பாடிக்கொண்டிருந்தார். உள்ளே மூன்றாம் வகுப்பு, பத்தில் ஒன்று போனால் ஒன்பது, பத்தில் இரண்டு போனால் எட்டு என்று கூரை பிய்யக் கத்திக்கொண்டிருந்தது. மாமாவின் பாட்டு நின்றது. எருமைகளும் நின்றன. அவர் அரைச்சுவருக்கு வந்து தலையை உள்ளே நீட்டினார்.

"வாத்தியார், இது என்ன படிப்பு?"

"கழித்தல் அண்ணன்."

"போனா போனா எண்டு புள்ளையள் கத்துதுகள். இஞ்ச பொலி கிடக்கு. ஆரு கேட்டுக்கிட்டு நிக்கிற எண்டு தெரியுமா உங்களுக்கு?"

வாத்தியார் எட்டிப் பார்த்தார். "ஆரு?"

மாமா பொலியின் பக்கம் கண்ணைக் காட்டினார். அந்தப் பெயரையும் சொல்லக்கூடாது. வாத்தியார் சிரிப்பை அடக்குவது எங்களுக்கே தெரிந்தது. அப்போது அப்பா வந்தார். அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

"கோவிக்காதங்க வாத்தியார். வெள்ளத்துக்குள்ள இருந்து இவ்வளவுதான் தூக்கி வந்தம். ஒரு வருசத்துச் சோறு இது. சூட்ட மிதிச்சு ஏத்துமட்டும் அந்தக் கணக்க மட்டும் விட்டிடுங்க."

வாத்தியார் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு அடங்கிவிட்டது. "எங்கட பக்கத்திலயும் தோணி தள்ளக்குள்ள சில சொல்லுச் சொல்லமாட்டாங்க" என்றார். "சரி. கூட்டலும் பெருக்கலும் செய்வம்."

அப்படித்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் கழித்தல் நின்றது. பிரித்தலைப் பற்றி வெளியே ஒரு சின்ன மகாநாடு நடந்தது. பங்கு போடுவது களவெட்டியில் நடக்கிற காரியம்தான், ஆகவே பிரிக்கலாம், மிச்சம் வருகிற கணக்கு மட்டும் வேண்டாம் என்று தீர்ப்பானது. பூச்சியத்தை எழுதலாம், வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று மாமா ஒரு திருத்தமும் கொண்டுவந்தார். இடாப்புக் கூப்பிடும்போது வராத பிள்ளைகளுக்கு "இல்லை ஐயா" என்று சொல்ல முடியாததால் "வருவான் ஐயா" என்றோம். காய்ச்சலில் கிடந்தவனும் வருவான், மாமன் வீட்டுக்குக் கொண்டாட்டத்துக்குப் போனவனும் வருவான். எங்கள் பள்ளிக்கூடத்தின் சரித்திரத்திலேயே ஒரு பிள்ளையும் 'இல்லை' ஆகாத நாட்கள் அவைதான்.

இதை ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. களவெட்டியில் வைத்துச் சோதிக்கிற துணிச்சல் எனக்கில்லை. ஆற்றங்கரைக்குப் போய் மட்டிச் சிப்பிகளைக் குவித்து வைத்து, சுற்றிலும் யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு, "இல்லை, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் குவியலில் பாதி இல்லை. ஆற்றில் நீர் ஏறி இறங்கியதை நான் யோசிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு மாமாவைவிட நம்பிக்கை கூடிவிட்டது.

அதிகாரி வந்தது சூடு முக்கால்வாசி மிதித்து, பொலி மலையாகக் குவிந்திருந்த ஒரு காலையில். வாத்தியார் காது கொடுத்துக் காத்திருந்த சைக்கிள் மணி அன்றைக்கு அடிக்கவே இல்லை. அதிகாரி சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். சப்பாத்தோடு களவெட்டிக்குள் கால் வைக்கப் போனவரை மாமா கையை விரித்து மறித்தார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. சற்று நேரத்தில் அதிகாரி சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மெழுகிய முற்றத்தில் கால் கூசக் கூச நடந்து வந்தார்.

ஆனாலும் அவர் பொல்லாதவர் அல்ல. பாட்டுச் சொல்லக் கேட்டார், வாசிக்கச் சொன்னார், கொப்பிகளைப் பார்த்தார். பெருக்கல் வாய்பாட்டை நாங்கள் மழையாகப் பொழிந்தோம், ஒரு மாதமாக வேறு வேலையே இல்லையே. அவர் முகம் மலர்ந்தது. வாத்தியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். போகிற போக்கில்தான் அதிகாரி ஐந்தாம் வகுப்பைப் பார்த்துக் கேட்டார். "நூறு தேங்காய். முப்பத்தேழு வித்தாச்சு. மிச்சம் எத்தனை?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் நாலாம் வகுப்பைக் கேட்டார், சின்னத் தொகை. அவர்கள் வாத்தியாரைப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பை இன்னும் சின்னத் தொகை கேட்டார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். வெளியே எருமைகளின் குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. வாத்தியார் அவரை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்க் களவெட்டி, பொலி, ஊர்வழக்கம் என்று மெல்லச் சொன்னார்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றார் அதிகாரி. "கழிக்கத் தெரியாத பிள்ளைகளை வைச்சுக்கொண்டு ஆறாம் வகுப்புக் கேக்கிறீங்களே, மாஸ்ரர்?"

அக்கா கையை உயர்த்தினாள். வாத்தியார் தலையசைக்க எழுந்து நின்றாள். "முப்பத்தேழோட அறுபத்திமூண்டு பொலிஞ்சா நூறு ஐயா" என்றாள்.

"அதென்ன பொலிஞ்சா?"

"கூடினா, ஐயா."

அதிகாரியின் புருவம் உயர்ந்தது. இன்னொரு கணக்குக் கேட்டார். அக்கா அதையும் பொலிய வைத்தாள். இன்னுமொன்று. அதுவும் பொலிந்தது. போனதைச் சொல்லாமல், வந்து சேர வேண்டியதைச் சொல்லி, கழித்தலைக் கூட்டலின் வழியாகவே நடத்திக்கொண்டு போனாள். மாமாகூட எருமைகளை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். அவர் முகத்தில், எங்கள் பிள்ளையைப் பார்த்தாயா என்ற பெருமை தெரிந்தது. எனக்கும் அக்காவை அன்றைக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதிகாரிக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. ஒருவேளை சந்தேகம்தானோ என்னவோ. "கெட்டிக்காரி" என்றார். "சரி, இதைச் சொல்லு பாப்பம். பத்தில் பத்துப் போனால்?"

அக்கா வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். பத்தோடு எது பொலிந்தால் பத்து? எதுவும் இல்லை என்றுதான் அதற்கும் சொல்ல வேண்டும். அவள் வெண்கட்டியை எடுக்கக் கையை நீட்டினாள்.

"எழுத வேணாம். வாயால சொல்லு."

அரைச்சுவருக்கு அப்பால் களவெட்டி அப்படியே நின்றது. வைக்கோல் உதறிக்கொண்டிருந்தவர்கள் கம்புகளைத் தரையில் ஊன்றிக்கொண்டார்கள். நடுவே பொலி மஞ்சளாகக் குவிந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அப்பா பெருவாயனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அதிகாரியைப் பார்த்தாள், பிறகு பொலியைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"தெரியல்லயா?" என்றார் அதிகாரி. சப்பாத்துகளைக் கையில் எடுத்தார்.

"சொல்லாத புள்ள" என்றார் மாமா, மூச்சுக்குள்.

"சொல்லு மகள்."

அது அப்பாவின் குரல். மாமா திரும்பி அவரைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அப்பா யாரையும் பார்க்கவில்லை. பெருவாயனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னும் உரக்கச் சொன்னார்.

"இஞ்ச பாக்காத. ஐயாவப் பாத்துச் சொல்லு."

அக்கா அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "ஒண்டுமில்ல ஐயா" என்றாள். பிறகு, முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல, "பத்தில பத்துப் போனா ஒண்டுமில்ல, பூச்சியம்" என்றாள்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது பொலி இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. அதிகாரி சிரித்து அக்காவின் தலையைத் தடவினார். வாத்தியார் மார்பில் சிலுவை வரைந்துகொண்டார். வெளியே மாமா எருமைகளை ஓட்டத் தொடங்கினார். அன்றைக்கு அவர் பாடவில்லை.

பொலி அளந்தபோது எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. வெள்ளத்தில் ஊறிய கதிரில் பதர் மிகுதி என்று சிலர் சொன்னார்கள். மாமா அதை ஏற்கவில்லை. "ஒரு சொல்லு" என்பார், சந்தியில் யாரைக் கண்டாலும். "ஒரே ஒரு சொல்லு, மச்சான். அதோட போச்சு." அப்பாவின் முன்னாலேயே சொல்வார். அப்பா மறுத்ததில்லை. ஆவணிக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருநேரம் மரவள்ளிக்கிழங்கு அவிந்தது. கிழங்கைத் தின்றுகொண்டே நான் பல நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அப்பாவுக்குப் பூதத்தில் நம்பிக்கையில்லை. குழி தோண்டி வேப்பிலை வைத்ததெல்லாம் மாமாவின் வாய்க்குப் பயந்து. இல்லாவிட்டால் அத்தனை பொலியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லச் சொல்வாரா?

அடுத்த தையில் ஆறாம் வகுப்பு வந்தது. அதற்கென்று ஒரு மூலையில் இரண்டு வாங்குகள் போட்டார்கள். அக்காவோடு ஊரில் வேறு நாலைந்து பெண்பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்று, வீட்டில் பெரியபிள்ளையாகிக் குமராகிறதற்குக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

அந்த வருஷம் மழை ஒழுங்காகப் போய்விட்டது. வட்டைக்குள், எங்கள் சொந்தக் களவெட்டியிலேயே சூடு மிதித்தார்கள். ஒரு பின்னேரம் அம்மா தந்த தேத்தண்ணியை அப்பாவுக்குக் கொண்டு போனேன். கடைசி உப்பட்டியும் மிதிபட்டுக் கிடந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பா, சூடு முடிஞ்சுது!" என்று கத்திவிட்டேன்.

அப்பா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். அந்தக் கையில் வைக்கோல் தூசியும் வியர்வையும் மணத்தன. அவர் அப்படியே முழங்காலில் இருந்து, பொலியின் பக்கம் திரும்பி, "புள்ள தெரியாமச் சொல்லிட்டு, தாயே, பொறுத்துக்க, பொலி தாயே பொலி" என்று மன்றாடினார். அவருடைய முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. பயந்துபோய் அழுதேன். அழுகை அடங்கியதும் எனக்குக் கோபம் வந்தது.

"அக்கா பள்ளிக்கூடத்தில சொல்லக்குள்ள நீங்கதானே சொல்லச் சொன்ன நீங்க?"

அப்பா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். போத்தலை என் கையில் தந்தார். "பொழுது படுது. வீட்ட போ, மகள்" என்றார்.

வரம்பு வழியே நடந்து வரும்போது முழுக்க எனக்கு அதே நினைப்பு. அக்காவுக்கு ஒரு நீதி, எனக்கு ஒரு நீதியா? இவ்வளவு பயப்படுகிற மனிதருக்கு அன்றைக்கு மட்டும் அந்தப் பயம் எங்கே போயிருந்தது? எவ்வளவு யோசித்தும் விடை கிடைக்கவில்லை. அன்றைக்கும் அது அவரிடம்தான் இருந்திருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.